கடைசி அலசலுக்கு இரண்டு கேன்

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியவில்லை. கடையில் பாட்டில் வாங்கினால் முதலில் மூடியைத் திருகிப் பார்க்கிறார்கள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள். பிறகு அதன் வயிற்றில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிக்கிறார்கள். இவ்வளவும் செய்துவிட்டு இரண்டு வாய் குடித்து மீதியை எங்கேயாவது வைத்துவிட்டுப் போகிறார்கள். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பெண் பார்க்க வருகிறவன்கூட, பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை, வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதா என்று கேட்கிறான்.

நேற்று என்னை விசாரித்த சர்க்கார் ஆபீசிலும் நான் இப்படித்தான் ஆரம்பித்தேன். மேசைமேல் நிர்மலா என்று பெயர்ப்பலகை வைத்திருந்த அம்மா, "பெரியவரே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். முடிந்தும்விட்டது. உங்களுக்கு முழுதாகச் சொல்கிறேன். நீங்கள் எழுதப்போவதில்லை, கையெழுத்தும் கேட்கப்போவதில்லை.

அவர்கள் லாரியிலிருந்து ஆரம்பித்தார்கள். லாரியிலிருந்து ஆரம்பித்தால் நான் கெட்டவனாகத் தெரிவேன். நான் மாடியில் படம் கழுவிய பையனிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் கிறிஸ்துதாஸ். எழுபத்திரண்டு வயது. மூன்றாம் வகுப்புவரை படித்தேன். அதில் இரண்டாம் வகுப்பை மட்டும் இரண்டு தடவை. வேலை லாரி டிரைவர். மனைவி அகஸ்டினா போய் ஆறு வருஷம் ஆகிறது. கீழ் வீட்டில் நான், மாடி வாடகைக்கு. பின்பக்கம் கடப்பாக்கல் போட்டு மூடிய பழைய கேணி ஒன்று. அதற்கு ஆறடி தள்ளி போர் போட்டு மோட்டார் வைத்திருக்கிறேன். கேணி மூடியே கிடக்கும். வீட்டுக் குழாயில் வருவதெல்லாம் போர்த் தண்ணீர். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மாடிக்கு வந்தவன் ஃபவாஸ். முப்பது வயது. அவன் குடும்பமே ஊரில் துணி வியாபாரம். இவன் ஒருவன் மட்டும் கெட்டுப்போய்ப் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டான். அதுவும் போனில் தட்டினால் நூறு படம் விழுகிற காலத்தில், அந்தக்கால ஃபிலிம் சுருளில். பீச் ரோட்டுக்கு வருகிற சுற்றுலாப் பிள்ளைகளும் அதே மாதிரி கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுருளை இவனிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். இவன் குளியலறைக் கதவிடுக்கில் லுங்கியைச் செருகி இருட்டாக்கிக்கொண்டு உள்ளே ஒரு மணி நேரம் இருப்பான். மருந்து நெடி கீழே வரும். சாராயம் காய்ச்சுகிறான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஏறிப்போய்ப் பார்த்தால் துணிக்கொடியில் கிளிப் மாட்டி நாடா நாடாவாக ஃபிலிம் தொங்குகிறது. குடிக்க ஒன்றுமில்லை.

அவன் தண்ணீரோடு செய்த சண்டை இருக்கிறதே, புது மருமகள்கூட அப்படிச் செய்யமாட்டாள். பேனா மாதிரி ஒரு கருவி வைத்திருந்தான். தண்ணீரில் முக்கினால் நம்பர் காட்டும். என் குழாய்த் தண்ணீரில் முக்கிவிட்டு மாடிப்படியில் ஓடி வந்தான்.

"தாத்தா, உங்க தண்ணி ஆயிரத்து எண்ணூறு காட்டுது."

"நல்ல மார்க்குதானே தம்பி, எனக்கு இஸ்கூல்ல இவ்ளோ வந்ததில்லையே."

"மார்க் இல்ல தாத்தா, உப்பு. இதுல கழுவின படம் காஞ்சதும் வெள்ளை வெள்ளையா புள்ளி நின்னுடும்."

"கடலுக்குப் பக்கத்துல உப்பா இல்லாம சக்கரையாவா இருக்கும்?"

அவன் எனக்குப் பொறுமையாக விளக்கினான். மருந்தில் முக்குவது, அடுத்த மருந்தில் முக்குவது, பிறகு அரை மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவுவது, இதற்கெல்லாம் என் குழாயே போதுமாம். ஆனால் கடைசியாக ஒரு அலசல் இருக்கிறது. அது மட்டும் சுத்தமான தண்ணீரில் செய்ய வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுவோமே, காய்ச்சி வடித்த தண்ணீர், அது. அதில் ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் விட்டு அலசித் தொங்கவிட்டால் துளி நிற்காமல் வழிந்துவிடும். துளி நின்றால், தண்ணீர் ஆவியாகப் போனபின் அதிலிருந்த உப்பு விளிம்பில் வட்டமாகத் தங்கிவிடும். படத்தில் அது வெள்ளையாகத் தெரியும்.

"மருந்து தப்பானாக்கூட ஒப்பேத்திடலாம் தாத்தா. கடைசி அலசல் தண்ணி தப்பானா படம் போச்சு."

செத்த மாட்டுத் தோலைக் கழுவுகிறவன்கூட இவ்வளவு பேசமாட்டான். முப்பத்தெட்டு வருஷம் லாரி பேட்டரிக்கு எந்தத் தண்ணீரை ஊற்றினேன் என்று இவனிடம் சொன்னால் மயங்கி விழுந்திருப்பான்.

போன ஆகஸ்ட் பதினைந்து மாதா தேருக்கு அவன் படம் எடுக்கப் போனான். மறுநாள் அவன் வண்டி பஞ்சர். நான் சைக்கிளை எடுப்பதைப் பார்த்து, "தாத்தா, கடைசி அலசலுக்கு ரெண்டு கேன் பேட்டரித் தண்ணி வாங்கியாந்துடுங்களேன்" என்று காலி கேன் இரண்டைக் கொடுத்தான். போனேன். கடைக்காரன் சாப்பாட்டுக்குப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பி வந்து பின்பக்கக் குழாயில் இரண்டு கேனையும் பிடித்து மூடியைத் துடைத்து மாடியில் வைத்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அவனும் அன்று பேனாவை முக்கிப் பார்க்கவில்லை. நம்பினான். அது அவன் தப்பு.

மறுநாள் ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். முகம் செத்திருந்தது.

"தாத்தா, அந்தத் தண்ணி எங்க வாங்குனது?"

"எங்க வாங்குனா என்னப்பா, தண்ணி தண்ணிதானே?"

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கேள்விதான் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் பொய் சொன்னது குறைவு. கேள்வி கேட்பேன்.

அந்தச் சுருளில் ஜோவிதாவின் மகள் இருந்தாள். ஜோவிதா எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. பேக்கரியில் வேலை. புருஷன் பிரான்சுக்குப் போய் நாலு வருஷம்; போனில்தான் அப்பா. மகள் மெரினுக்கு எட்டு வயது. சிறுநீரகத்தில் கோளாறு, மாத்திரை சாப்பிட்டு முகம் அப்பம் மாதிரி உப்பியிருக்கும். தேரன்று நெடுநேரம் நிற்க முடியாமல் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். ஃபவாஸ் அவளைப் படம் எடுத்திருந்தான். அந்தப் படத்தில் அவள் தலையைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம். வட்டம் என்றால் காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி. என் போர்த் தண்ணீர்த் துளி ஒன்று சரியாக அவள் தலைமேல் உட்கார்ந்து காய்ந்திருக்கிறது. கோயிலில் அந்தோணியார் சுரூபத்துக்குத் தலைக்குப் பின்னால் தகரத்தில் வட்டம் மாட்டியிருக்கிறார்கள் பாருங்கள், அதைவிட இது நன்றாக இருந்தது.

ஜோவிதா படத்தை வாங்கிப் பார்த்தாள். வாசலிலேயே முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எழுந்திருங்க. அது ஒண்ணுமில்ல, தண்ணி காஞ்ச கறை" என்றான் ஃபவாஸ்.

"எந்தத் தண்ணி?"

"தாத்தா குடுத்த தண்ணிக்கா. அதுல கழுவினதால வந்தது."

அவன் உண்மையைத்தான் சொன்னான். உண்மையை அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொள்வதில் எங்கள் சனத்தை அடிக்க ஆளில்லை. வில்லியனூர் மாதா குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அலமாரியில் வைத்திருக்காத வேதக்கார வீடு ஊரில் உண்டா? கறை என்பது அவள் காதில் விழவில்லை. தண்ணீர் என்பது விழுந்தது. தண்ணீரில் கழுவினதால் வந்தது என்பது விழுந்தது. அன்று சாயங்காலமே பாட்டிலோடு வந்து நின்றாள்.

"மாமா, கொழந்தைக்கு ஒரு பாட்டில் தண்ணி புடிச்சிக்கட்டுமா?"

நான் குடி என்று சொல்லவில்லை. பிடித்துக்கொள் என்றேன். குழாய் என்னுடையது, அது வரைக்கும்தான் என் பேச்சு.

இப்போது லாரிக்கு வருகிறேன்.

நான் லாரி ஓட்டிய கடைசி வருஷங்களில் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறை இருந்தது. இரும்புச் சாமானுக்குப் பளபளவென்று முலாம் பூசுகிற பட்டறை, இப்போது மூடிவிட்டார்கள். அவர்கள் தொட்டி கழுவிய தண்ணீரை நான் லாரியில் ஏற்றி, ரொம்ப தூரத்தில் அதைச் சுத்தம் பண்ணுகிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மூன்று மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். வெயில், ஈ, வாட்ச்மேனின் அதட்டல். போகிற வழியில்தான் என் வீடு. வீட்டின் பின்னால் வறண்ட கேணி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தெருவே படுத்திருக்கும்போது சந்து வழியாக ஓஸ் குழாயைப் போட்டுத் திறந்துவிட்டால் இருபது நிமிஷத்தில் லாரி காலி. நானும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு நடை, மூன்று வருஷம்.

அந்த வருஷங்களில் மழை பொய்த்திருந்தது. சந்தில் லாரியைப் பார்த்தவர்கள், கிறிஸ்துதாஸ் காசு போட்டுத் தண்ணீர் வாங்கிக் கேணியில் ஊற்றுகிறான், தெருவுக்கே ஊற்று ஏறும் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லாமல் என்னைப் பாராட்டினார். பூமிக்குத் திருப்பிக் கொடுக்கிறவன் என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

கேணி ஓரத்தில் நின்ற வாழை ஒரே மாதத்தில் வேரோடு கருகியது. அன்றிலிருந்து நான் குடிப்பது கேன் தண்ணீர். சமைப்பதும் அதில்தான். கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வேன். அகஸ்டினாவுக்குக் கேன் தண்ணீர் பிடிக்காது, பிளாஸ்டிக் வாடை வருகிறது என்பாள். நான் வற்புறுத்தவில்லை. காரணம் கேட்டிருப்பாள். அவளுக்கும் கடைசியில் சிறுநீரகம் என்றுதான் சொன்னார்கள். டாக்டர்கள் எதையாவது சொல்லத்தானே வேண்டும்.

ஜோவிதா தினமும் வந்தாள். அவள் சொல்லி நாலு பேர் வந்தார்கள், நாலு பத்தாயிற்று. மற்றவர்கள் வீட்டில் தெளிப்பதும் நெற்றியில் தடவுவதுமாக இருந்தார்கள். குடிக்கக் கொடுத்தவள் ஜோவிதா ஒருத்திதான். நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் எனக்கு "நாத்த லாரி" என்று பெயர். பந்தியில் என் பக்கத்து இலை கடைசியில்தான் நிரம்பும். இப்போது வயதான பெண்கள் "தோத்திரம்" சொல்லிவிட்டுப் போனார்கள். இதை நான் கேட்டு வாங்கவில்லை. வந்ததை ஏன் துரத்த வேண்டும்?

சில நாள் மெரினும் அம்மாவோடு வருவாள். வாய் அதிகம். என்னை லாரித் தாத்தா என்பாள்.

"லாரித் தாத்தா, இந்தத் தண்ணி ஆணி மாரி இருக்குது."

"ஆணியை எப்ப தின்ன நீ?"

"வாயில வெச்சிப் பாத்திருக்கேன். நீ ஏன் கட்டிலுக்கு அடியில கேன் வெச்சிருக்கே?"

சின்னப் பிள்ளைகளுக்குக் குனிந்து பார்க்கிற புத்தி உண்டு. ஜோவிதா என்னைப் பார்த்தாள்.

"எனக்குப் பாவம் சாஸ்தி பாப்பா. மாதா தண்ணி ஒத்துக்காது" என்றேன்.

ஜோவிதா சிரித்துவிட்டாள். மெரின் சிரிக்கவில்லை. தன் பாட்டிலை என்னிடம் நீட்டி, "ஒரு வாய் குடி, பாவம் போயிடும்" என்றாள். வாங்கி அண்ணாந்தேன். உதட்டை மூடிக்கொண்டு ஊற்றினேன். எல்லாம் தாடையில் வழிந்தது. அவள் கைதட்டினாள். பிறகு போய் மூன்று தடவை சோப்புப் போட்டு முகம் கழுவினேன். கேன் தண்ணீரில்.

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துப் பெய்தது. கேணியில் தண்ணீர் ஏறியது கல் இடுக்கு வழியாகத் தெரிந்தது. அடியில் படிந்து கிடந்ததெல்லாம் எழுந்து மண்ணுக்குள் நடக்க ஆரம்பித்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் லேசாக எலுமிச்சை நிறம் வந்தது. மாதாவின் முக்காட்டு ஓரத்துப் பொன்னிறம் என்று ஜோவிதா சொன்னாள்.

மாடியில் ஃபவாஸுக்கு வேறு தொல்லை. அரை மணி நேரம் என் குழாயில் கழுவிய படங்களெல்லாம் வெளுத்துப்போயின. முதலில் மருந்தைச் சந்தேகப்பட்டான், மாற்றினான். பிறகு ஃபிலிமைச் சந்தேகப்பட்டான், மாற்றினான். டிசம்பர் மாதம் ஒரு காலையில் இரண்டு டம்ளரோடு இறங்கி வந்தான். ஒன்றில் கடையில் வாங்கிய பேட்டரித் தண்ணீர், ஒன்றில் என் தண்ணீர். நான் வாசல் கேட் ஓரம் உட்கார்ந்து பேப்பரைச் சுருட்டி முதுகு சொறிந்துகொண்டிருந்ததை அவன் மழைக்கு முன்னால் எடுத்துக் கழுவி வைத்திருந்தான்; அடுத்தடுத்து இரண்டு படம். ஃபிலிமை நடுவில் வெட்டி டம்ளருக்கு ஒன்றாகப் போட்டு என் சன்னலில் வைத்தான்.

"சாயந்திரம் பாக்கலாம் தாத்தா."

சாயங்காலம் பார்த்தோம். ஒரு டம்ளரில் நான் முதுகு சொறிந்துகொண்டிருந்தேன். இன்னொன்றில் நான் இல்லை. கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது.

ஃபவாஸ் அந்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். "இப்படிப் படத்தை அழிக்கிறது ஒரே ஒரு மருந்துதான் தாத்தா. முலாம் பட்டறையில போடறது. படத்தை வெளுக்கறதுக்கு நானே கொஞ்சம் வெச்சிருக்கேன், அதான் தெரியும். அது விஷம். அந்தக் கொழந்தை இதைக் குடிக்குது. வாங்க, ஜோவிதாக்காகிட்ட சொல்லணும்."

"நீயும் வெச்சிருக்கியா?"

"சின்ன டப்பாதான்."

"அலம்பின தண்ணிய எங்க ஊத்துவே?"

"பாத்ரூம்லதான். ஆனா அது ரெண்டு சொட்டு தாத்தா, இந்த அளவுக்கு..."

எனக்கு அது போதும். அவனை அடுத்த சொல் பேசவிடவில்லை. விடவேண்டிய தேவையும் இல்லை. ஜோவிதா பாட்டிலோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கூடவே இன்னும் ஆறேழு பேர். ஃபவாஸ் டம்ளரைக் காட்டி அவளிடம் எல்லாம் சொன்னான். பாவம், சரியாகத்தான் சொன்னான். அவன் முடித்ததும் நான் கேட்டேன்.

"அந்த மருந்து உங்கிட்டயும் இருக்குதுன்னியே தம்பி, அதை எங்க ஊத்துறே?"

மறுபடியும் கேள்விதான். பதில் சொல்லத் தெரிந்தவன் சொல்லிக்கொள்ள வேண்டியதுதானே? நல்லவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், உண்மையைச் சொல்லும்போது திக்குவார்கள்.

"எம்பொண்ணு குடிக்கிற தண்ணியிலயாடா ஊத்துனே?" ஜோவிதா அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். "தெனம் என்னை அக்கான்னு கூப்புட்டுக்கினே ஊத்துனியா?"

"அக்கா, நான் ஊத்தினதுல இது வராதுக்கா. யாராச்சும் லாரி லாரியா..."

அந்த வார்த்தையை அவன் தெரிந்து சொல்லவில்லை. ஆனாலும் நான் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டேன். அதற்குள் தெரு பேச ஆரம்பித்துவிட்டது. அவன் பெயரும் எனக்கு உதவியது; மறைப்பானேன். மாதா தண்ணீரில் இவன் ஏன் கை வைத்தான் என்று ஒருவர் கேட்டார், அதன் பிறகு யாரும் டம்ளரைப் பார்க்கவில்லை. இரண்டு நாளில் அவன் பெட்டி படுக்கையை வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். அடிக்கவில்லை. மரியாதையாகத்தான் அனுப்பினோம். போகும்போது அவன் மாடிச் சாவியை என் கையில் வைத்தான். சன்னலிலிருந்த டம்ளரில் கையை விட்டு, நான் இல்லாத துண்டை எடுத்து ஒரு உறையில் போட்டுக்கொண்டான். ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீரும் பிடித்துக்கொண்டான். அப்போதே எனக்குப் பட்டது, இவன் சும்மா இருக்கிற பையன் இல்லை என்று.

அத்தோடு நின்றிருக்கலாம். நிர்மலா அம்மாவின் இரண்டு பக்கத்தில் இதற்கு மேல் எதுவும் கிடையாது. இனி சொல்வது உங்களுக்கு மட்டும்.

ஃபவாஸ் போன மறுநாள் ஜோவிதா வந்து கேணி மேடையில் உட்கார்ந்தாள். மெரினுக்கு அந்த வாரம் கால் வீங்கியிருந்தது.

"அந்தப் பாவி கொழாயைக் கெடுத்துட்டான். இனிமே தண்ணிக்கு நான் எங்க போவேன் மாமா?" என்று அழுதாள். பிறகு கையைக் கடப்பாக்கல்மேல் வைத்துத் தடவினாள். "இதுல தண்ணி இருக்குதா?"

"மழைக்கு ஏறியிருக்குது."

"இதுல அவன் மருந்து கலந்திருக்காதுல்ல?"

"அவன் மருந்து இதுல ஒரு சொட்டு இல்ல" என்றேன். அது சத்தியமான வார்த்தை.

"நல்ல தண்ணியா மாமா?"

"எங்கப்பா காலத்துல இந்தத் தெருவே இதைத்தான் குடிச்சது."

இதுவும் சத்தியம்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்பதற்கு என்னிடம் கேள்வி இல்லை, பதில்தான் இருந்தது. அதோடு, கேணியைத் திறக்க மாட்டேன் என்றால், ஃபவாஸ் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று நாலு பேருக்குத் தோன்றும். திறந்துவிட்டால் யாருக்கும் தோன்றாது. எவனாவது தன் விஷத்தைத் தானே திறந்து காட்டுவானா? கடப்பாரை போட்டு நெம்பினேன். புதுக் கயிறு, புது வாளி. வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன், சுத்தமாக இருக்கட்டும் என்று. முதல் வாளியை இறைத்தது என் கைதான். தண்ணீர் நல்ல மஞ்சளாக வந்தது. குழாயில் வந்ததெல்லாம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஜோவிதா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பாட்டிலை நீட்டினாள். நான் ஊற்றினேன். துளி சிந்தவில்லை.

ஏழு வாரம் ஊற்றினேன். தினம் ஒரு பாட்டில். டாக்டர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்து மாத்திரையைக் கூட்டினார்கள். அந்த மாத்திரையையும் அவள் இந்தத் தண்ணீரில்தான் விழுங்கினாள். ஜோவிதாவால் வேலையை விட்டு வர முடியாத நாளில் நானே பாட்டிலைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கொடுத்தேன். வாசல் காவலாள்கூட, "பேத்திக்கா பெருசு?" என்று வழிவிட்டான். கட்டிலில் மெரின் படுத்திருந்தாள். பேச்சு குறைந்திருந்தது.

"லாரித் தாத்தா, வேணாம். ஆணி."

"அம்மா தேடுவாளே பாப்பா" என்றேன். குடித்தாள். அவளை நல்ல பிள்ளை என்று சொன்னேன்.

பிப்ரவரியில், சாம்பல் புதன் கழிந்த வெள்ளிக்கிழமை, அவள் போனாள். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் தலையைச் சுற்றி வட்டம் விழுந்த அந்தப் படத்தையே போட்டார்கள். குருசுக்குப்பத்திலிருந்துகூட ஆட்கள் வந்து அந்தப் படத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பெட்டியை மூடும் முன் ஜோவிதா உதடு நனைக்கத் தண்ணீர் கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போய் இறைத்து வந்தேன். மாலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சீங்க மாமா" என்றாள். ஆமாம் என்றேன்.

ஃபவாஸ் கொண்டுபோன பாட்டில் சர்க்கார் ஆபீசில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நடந்து, ஒரு கிளார்க்கின் பிரசவ லீவு முடியக் காத்திருந்து, சோதனைக்குப் போய் வர நாலு மாதம் ஆயிற்று. ஏப்ரலில் வந்து கேணியைப் பூட்டிச் சிவப்பு நாடா கட்டினார்கள். பட்டறையின் பழைய ரிஜிஸ்தரில் என் லாரி நம்பர் இருந்ததாம். நேற்று கூப்பிட்டுவிட்டார்கள்.

நிர்மலா அம்மா அந்த ஃபிலிம் துண்டை மேசைமேல் வைத்தது. "இது யாருன்னு தெரியுதா?"

தூக்கிப் பார்த்தேன். "யாருமே இல்லியேம்மா."

"நீங்கதான் பெரியவரே."

ஃபிலிம் பூஞ்சையான சமாசாரம், தொட்டாலே அழியும், மனுஷ உடம்பு அப்படியா என்று கேட்டேன். அது அதையும் எழுதிக்கொண்டது. லாரியைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொன்னேன். கேணித் தண்ணீரைக் குழந்தை குடித்தது தெரியுமா என்றதற்கு, தெரு முழுக்கத் தெரியும் என்றேன். யார் இறைத்துக் கொடுத்தது என்று அது கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றதே அதுதான். கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஊரை விட்டுப் போகக்கூடாது, கூப்பிட்டால் வரவேண்டும் என்றது. என் உதடு காய்ந்திருந்ததைப் பார்த்திருக்கும். மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரை என் பக்கம் தள்ளி, "குடிச்சிட்டுப் போங்க" என்றது. எந்தக் குழாயில் பிடித்ததோ. வேண்டாம் என்றேன்.

இவர்கள் சொல்கிற கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே நோய் இருந்தது. ஆத்தாள்காரி நம்பினாள். சாமியார் தடுக்கவில்லை. டாக்டர்கள் கண்டுபிடிக்கவில்லை. பட்டறைக்காரன் கலந்தான். இத்தனை பேருக்கு நடுவில், கேட்டவளுக்குத் தண்ணீர் கொடுத்தவன் மட்டும் குற்றவாளி என்றால் எனக்கு ஏறவில்லை.

வெளியே வந்தேன். எதிர்க் கடையில் ஒரு பாட்டில் வாங்கினேன். மூடியைத் திருகிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். காகிதத்தில் இருந்தது பொடி எழுத்து, எனக்குப் படிக்க வரவில்லை. அதனால் கடைக்காரனிடம் பாட்டிலை நீட்டி, நீ ஒரு வாய் குடித்துக் காட்டு என்றேன். அவன் சிரித்தான். குடிக்கவில்லை. பாட்டிலை அவன் கல்லாமேலேயே வைத்துவிட்டு வெயிலில் நடந்தேன். விற்கிறவனே குடிக்கத் தயங்குகிற தண்ணீரை அடுத்தவன் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள்; மனசாட்சி என்ற ஒன்று யாருக்கு இருக்கிறது இந்தக் காலத்தில்.